எதில் பத்து சதவீதம்? எரு மட்குக் கையேடுகள் எழுதுவோருக்குத் திறந்த மடல்

கால்நடை எருவை மட்கவைப்பதற்கான கையேடுகளையும் மட்குக்கான தர விதிகளையும் எழுதும் வல்லுநர்களுக்கு வணக்கம்.

உங்கள் கையேடுகளில் ஒரு வரி பதிப்புக்குப் பதிப்பு மாறாமல் வந்துகொண்டிருக்கிறது: எருக் குவியலில் 10 சதவீதம் உயிர்க்கரி (காற்றை அடைத்து மரம், உமி போன்றவற்றைச் சுட்டெடுக்கும் கரி) கலந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போவது குறையும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். அது பொய் என்று சொல்ல வரவில்லை. பலவகை எருக்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் போவது சராசரியாகக் குறையத்தான் செய்கிறது. ஆனால் சராசரியை யாரும் மண்வெட்டியால் கிளறுவதில்லை. என் முன்னால் கிடப்பது ஏதோ ஒரு எரு, அதில் விழப்போவது ஏதோ ஒரு கரி. இந்த இரண்டு 'ஏதோ'வையும் பற்றி உங்கள் வரி வாய் திறப்பதில்லை.

அந்த வரியை நம்பிக் கட்டிய என் முதல் குவியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோழி எருவும் மரத்தூளும். கரி, பீப்பாயில் நானே சுட்டெடுத்தது. காற்றை எப்போது அடைக்க வேண்டும் என்று தெரியாத காலம் அது; பாதி கறுப்பும் பாதி வெண்சாம்பலுமாக வந்தது. கையேட்டில் 'கரி' என்று இருந்தது, என் கையிலும் கரி இருந்தது, கலந்துவிட்டேன். நான்காம் நாள் குவியலின் விலாவைத் திறந்தபோது நெடி மூக்குக்கு வருமுன் கண்ணுக்கு வந்தது. கண்ணைக் கழுவிவிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கரி சேர்க்காமல் வைத்திருந்த பக்கத்துக் குவியலைத் திறந்தேன். அங்கே ஆவி வந்தது, புளித்த வாடை வந்தது, கண் எரியவில்லை. தழைச்சத்தைக் காப்பாற்றச் சேர்த்த பொருள் சேர்ந்த இடத்தில்தான் தழைச்சத்து அதிகமாகப் பறந்துகொண்டிருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல, கையேட்டில்தான் இல்லை. கோழி எருவில் உள்ள தழைச்சத்தில் கணிசமான பகுதி யூரிக் அமிலமாக வருகிறது. நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, பிறகு அம்மோனியமாக்குகின்றன. அம்மோனியம் நீரில் கரைந்து தங்கும். அம்மோனியா காற்றில் ஏறிவிடும். எது எவ்வளவு என்பதைக் கார அமில நிலையும் (pH; எண் ஏற ஏறக் காரம் கூடும்) சூடும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் கார அமில நிலை 7 ஆக இருந்தால், மொத்தத்தில் 1 சதவீதம்கூட அம்மோனியாவாக இருக்காது. 9.25 ஆனால் பாதிக்குப் பாதி. சூடு ஏற ஏற அந்தப் பாதிப் புள்ளி இன்னும் கீழே இறங்கிவிடும். 60 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் குவியலில் காரமான சாம்பலைக் கொட்டியது நான்தான். சுண்ணாம்பைக் கொட்டியிருந்தாலும் இதுவே நடந்திருக்கும். கரியில் ஒட்டிவரும் சாம்பலும் சுண்ணாம்புக்குத் தம்பிதான் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் என் கண் தப்பியிருக்கும்.

ஆகவே முதல் கேள்வி, எந்தக் கரி? ஏறத்தாழ 350 முதல் 450 டிகிரிக்குள் சுட்ட கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட அமிலத்தன்மையுள்ள தொகுதிகள் எஞ்சியிருக்கும். அம்மோனியத்தைப் பிடித்துவைப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 600, 700 டிகிரிக்குப் போனால் அந்தத் தொகுதிகள் எரிந்துபோய்விடும். பதிலுக்கு நுண்துளைகள் பெருகும், மேற்பரப்பு கூடும், காரத்தன்மையும் கூடும். மரத்தில் செய்த கரியில் சாம்பல் குறைவு. எருவையோ உமியையோ சுட்டுச் செய்தால் சாம்பல் ஏராளம். இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் வைத்திருப்பது ஒரே பெயர். மருந்துக் கடையில் எல்லாப் புட்டியிலும் 'மாத்திரை' என்று மட்டும் ஒட்டிவைத்தது போல.

இரண்டாவது கேள்வி இந்த மடலின் தலைப்பிலேயே இருக்கிறது. 10 சதவீதம் என்றால் எதில்? ஈர எடையிலா, உலர் எடையிலா, கன அளவிலா? ஆய்வுக் கட்டுரைகளில் இந்த மூன்றும் புழங்குகின்றன. கையேட்டுக்கு வரும்போது எண் மட்டும் வந்து சேர்கிறது, அளவுகோல் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. 70 சதவீதம் ஈரமுள்ள எரு ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். ஈர எடையில் 10 சதவீதம் என்றால் 100 கிலோ கரி. அதில் உலர்பொருள் 300 கிலோதான்; ஆகவே உலர் எடையில் 10 சதவீதம் என்றால் 30 கிலோ. இரண்டுக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். கரி விலையில்லாப் பொருளும் அல்ல. 30 கிலோ போதுமான இடத்தில் 100 கிலோவைக் கொட்டுபவர் காசை மட்டும் இழப்பதில்லை. நுண்ணுயிர்களுக்குத் தீனியாகாத பொருள் குவியலில் அளவுக்கு மீறினால் சூடே சரியாக ஏறாமல் போகலாம். சூடு ஏறாவிட்டால் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கழிவுநீரைச் சுத்திகரித்தபின் எஞ்சும் திடப்பொருள்களை நீண்ட வரிக்குவியலாக மட்கவைப்பதற்கு வைத்திருக்கும் விதி, 15 நாள் 55 டிகிரிக்குக் குறையாத சூடு, அதற்குள் ஐந்து முறை புரட்டல். உங்களில் பலர் அதே எண்களைத்தான் எருவுக்கும் எடுத்தாள்கிறீர்கள். கரியை அள்ளிக் கொட்டச் சொல்லிவிட்டு 55 டிகிரியும் கேட்டால் குவியல் என்ன செய்யும்?

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25 முதல் 30 வரை இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், சரி. கூடவே ஒரு அட்டவணை தருகிறீர்கள்: வைக்கோல், மரத்தூள், சாணம், கோழி எரு. அந்த வரிசையின் கடைசியில் உயிர்க்கரியும் உட்கார்ந்திருக்கிறது, எதிரே '75 சதவீதம் கரிமம்' என்ற குறிப்போடு. அதைப் பார்க்கும் எவரும் என்ன செய்வார்? கூட்டிப் போடுவார். நானும் கூட்டினேன்.

கணக்கை விரித்துப் பாருங்கள். உலர் எடையில் 100 கிலோ கோழி எரு. அதில் 36 கிலோ கரிமம், 4 கிலோ தழைச்சத்து. விகிதம் 9. கூட 100 கிலோ மரத்தூள். அதில் 50 கிலோ கரிமம், தழைச்சத்து 100 கிராம் அளவுதான். இப்போது 86க்கு 4.1, அதாவது விகிதம் 21. இன்னும் கொஞ்சம் மரத்தூள் வேண்டும். ஆனால் கையேட்டின் அட்டவணைப்படி அதற்குப் பதில் 20 கிலோ கரி சேர்த்தால் 15 கிலோ கரிமம் கூடிவிடுகிறது. 101க்கு 4.1; காகிதத்தில் விகிதம் ஏறத்தாழ 25. எல்லாம் சுபம்.

குவியலுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு உங்கள் அட்டவணை தெரியாது. சுட்ட கரியின் கரிமம் வளையம் வளையமாகப் பிணைந்து கிடப்பது. அதை உண்டு முடிக்க நுண்ணுயிர்களுக்கு நூற்றாண்டுகள் வேண்டும். மட்குவதற்கு நாம் தரும் அவகாசம் சில மாதம். ஆக அந்த 15 கிலோவும் அவற்றுக்குக் கல். அவை பார்க்கும் விகிதம் இன்னும் 21தான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் எளிதில் மட்காதது என்பதைச் சேர்த்தால் 21கூட இல்லை. தின்னக் கரிமம் போதாதபோது மிஞ்சும் தழைச்சத்து அம்மோனியாவாகப் போகும். கரியைக் காரணம் காட்டி மரத்தூளைக் குறைத்தவர், கரி பிடித்துவைக்கும் தழைச்சத்தைவிட அதிகமாக இழக்கவும் வாய்ப்புண்டு. மண்ணில் கரிமத்தைச் சேமிக்கக் கரி நல்லது என்று நீங்கள் சொல்வதும் அது மட்காது என்பதால்தானே? ஒரு பக்கத்தில் மட்காத கரிமம் என்று பாராட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் அதையே நுண்ணுயிர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதலாமா?

அந்த அட்டவணையிலிருந்து உயிர்க்கரியை எடுத்துவிடுங்கள். வேறு எதையும் மாற்ற மனம் வராவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கரி தீனியல்ல என்றால் அது செய்யும் வேலைதான் என்ன? அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு கட்டிய ஒரு குவியலில், சாம்பலைச் சலித்து நீக்கி, பட்டாணி அளவில் உடைத்து, தண்ணீரில் ஊறவைத்த மரக்கரியைத் தொடக்கத்திலேயே கலந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கிளறும்போது அந்தத் துண்டுகளைச் சுற்றி எரு உதிரியாக இருந்தது. கரி சேராத இடத்தில் கையில் பிசைந்தால் களிமண் உருண்டை போல் ஒட்டியது, உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமும் அழுகல் வாடையும். காற்றுப் புகாத அந்த உருண்டைகளுக்குள்தான் மீத்தேன் பிறக்கிறது. கரித்துண்டு அங்கே காற்றுக்கு வழிவிடுகிறது, ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களுக்குக் குடியிருப்பும் ஆகிறது. இதையே நயமான தூளாக அரைத்துப் போட்டால் நேர்மாறாகத் துளைகளை அடைத்துவிடும். துண்டின் அளவைப் பற்றியும் உங்கள் வரியில் ஒரு சொல் இல்லை.

மீத்தேனைப் போலவே பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயு, குவியலின் தழைச்சத்திலிருந்து பிறக்கும் நைட்ரஸ் ஆக்சைடு. அதன் விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. பல சோதனைகளில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் மாற்றமில்லை, சிலவற்றில் கூடியும் இருக்கிறது. ஐநா காலநிலைக் குழுவின் 2021 அறிக்கைப்படி, நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்; மீத்தேன் சுமார் 27 கிலோவுக்கு. ஆகவே நைட்ரஸ் ஆக்சைடு சிறிதளவு கூடினாலும் மீத்தேனில் சேமித்தது கரைந்துவிடும். 'பசுமைக்குடில் வாயுக்கள் குறையும்' என்று ஒரே மூச்சில் எழுதாமல் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இனி, தர விதி எழுதுவோரிடம் தனியாக ஒரு பேச்சு. மட்கும்போது எருவின் உலர் எடையில் பாதி அளவு காற்றாகவும் ஆவியாகவும் போய்விடுகிறது. கரி போவதில்லை. 90 கிலோவுக்கு 10 கிலோ என்று கலந்தால், முடிவில் 45 கிலோ மட்கும் அதே 10 கிலோ கரியும் இருக்கும். தொடக்கத்தில் 10 சதவீதமாக இருந்த கரி முடிவில் 18 சதவீதம். இதை வைத்துக்கொண்டு உங்கள் சோதனைகளைப் பாருங்கள். முதிர்ந்த மட்கில் கரிம விகிதம் (தழைச்சத்துக்குக் கரிமம் எத்தனை மடங்கு என்பது) 20க்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி. அந்த 45 கிலோவில் 13.5 கிலோ கரிமமும் 1 கிலோ தழைச்சத்தும் இருந்தால் விகிதம் 13.5, நன்றாக முதிர்ந்தது. கரியின் 7.5 கிலோவைச் சேர்த்தால் 21. நல்ல மட்கு தோற்றுப்போகிறது. அதிலும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறும்: எரித்து எடை பார்க்கும் முறையில் கரியின் பெரும்பகுதி கரிமப் பொருளாகவே எண்ணப்படும், டைக்குரோமேட் என்ற வேதிப்பொருளால் கரிமத்தை அளக்கும் முறையில் ஒரு பகுதிதான் அகப்படும். கரி கலந்த மட்குக்கு இந்த விகிதச் சோதனையை விட்டுவிட்டு, விதை முளைப்பையும், மட்கில் உள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிடும் வேகத்தையும், அம்மோனியம் எவ்வளவு நைட்ரேட்டாக மாறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். நாற்றமில்லை என்பதை முதிர்ச்சிக்கு அடையாளமாக எடுக்கவே எடுக்காதீர்கள். முதிராத மட்கிலும் நாற்றத்தைக் கரி விழுங்கிவிடும்.

இதே கணக்கு கன உலோகங்களில் எதிர்த் திசையில் ஏமாற்றுகிறது. பன்றி எருவிலும் கோழி எருவிலும் செம்பும் துத்தநாகமும் தீவனத்தின் வழியாக வருகின்றன. உலோகம் ஆவியாகாது. உலர் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் செம்பு உள்ள 90 கிலோ எரு பாதியாக மட்கினால் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஆகிவிடும். உலோகமில்லாத கரி 10 கிலோ சேர்ந்திருந்தால் அதே செம்பு 55 கிலோவில் பரவி, சோதனையில் சுமார் 164 என்று காட்டும். செம்பு ஒரு துளியும் குறையவில்லை. வகுக்கும் எண்தான் பெருத்திருக்கிறது. செடிக்கு எட்டும் பங்கைக் கரி குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடித்துவைப்பது வேறு, நீர்த்துப்போவது வேறு. உங்கள் விதி இரண்டையும் ஒரே எண்ணில் அளக்கிறது. உலோகத்தைத் தீவனத்திலேயே தடுப்பதுதான் வழி. ஐரோப்பிய ஒன்றியம் பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை 2022 ஜூனில் நிறுத்தியது. மட்குக் குவியலில் எந்தக் கரியாலும் செய்ய முடியாத வேலை அது.

எதிருயிரி மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களைக் கரி குறைக்கும் என்றும் சில கையேடுகளில் ஏறிவிட்டது. இதுவரை வந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதை எடுத்துவிடலாம்.

கரியின் தூய்மை பற்றிச் சுருக்கமாக. சரியாகச் சுடாத கரியில் பலவளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுப் பொருள்கள் ஒட்டியிருக்கும். 2012இல் தொடங்கிய ஐரோப்பிய உயிர்க்கரிச் சான்றிதழ் இவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறது. கரி எவ்வளவு நன்றாகச் சுடப்பட்டது என்பதைக் காட்டும், ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள அணு விகிதம் 0.7க்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இவ்வளவு நுணுக்கம் எல்லாருக்கும் முடியாது. ஆனாலும், கையில் தேய்த்தால் எண்ணெய்ப் பசையும் தார் வாடையும் வரும் கரியைக் குவியலில் போடாதீர்கள் என்று எழுத ஆய்வகம் தேவையில்லை.

நான் கரிக்கு எதிரி என்று இதற்குள் முடிவு கட்டியிருப்பீர்கள். இல்லை. கரியை மட்கோடு சேர்த்து வேகவைப்பதில் எனக்குப் பிடித்த பகுதியே உங்கள் வரியில் இல்லாததுதான் வருத்தம். வெறும் கரியை நேராக மண்ணில் போட்டால் அது சில வேளை பயிரின் சத்தையே பிடித்துவைத்துக்கொள்ளும். எருவோடு சேர்ந்து மட்கிய கரி வேறு பொருள். அதன் துளைகளில் நைட்ரேட் சிக்கித் தங்குவதை 2015இல் ஆய்வாளர் கிளாடியா காமன் குழுவினர் காட்டினார்கள். 2017இல் நிக்கோலஸ் ஹாகேமன் குழுவினர் அந்தத் துண்டுகளின் உட்பரப்பிலும் மேற்பரப்பிலும் தழைச்சத்து நிறைந்த மெல்லிய கரிமப் படலம் படிந்திருப்பதைக் கண்டார்கள்; நீரும் சத்தும் தங்குவதற்கு அந்தப் படலம்தான் காரணம் என்றார்கள். ஆக, மட்குக்குக் கரி என்ன செய்கிறது என்பது பாதிக் கதை. கரிக்கு மட்கு என்ன செய்கிறது என்பது மீதிக் கதை. நல்ல கரியைச் சிறிதளவு சேர்த்தாலும் வீணாகாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

மற்றச் சேர்மானங்களும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. ஜியோலைட் அம்மோனியத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரக் கனிமம், விலையும் எடையும் அதிகம். படிகாரமும் சூப்பர் பாஸ்பேட்டும் கார அமில நிலையை இறக்கி அம்மோனியாவைத் தடுக்கின்றன. கரி சறுக்கும் இடத்தில் இவை நிற்கும். முதிர்ந்த மட்கைக் குவியலின் மேல் ஒரு சாண் போர்த்துவதற்குச் செலவே இல்லை, நெடியும் அடங்குகிறது. இதற்கு விளம்பரம் செய்ய யாரும் இல்லாததால்தானோ என்னவோ, கையேட்டில் அது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

அடுத்த பதிப்புக்கு என் வேண்டுகோள் இது. '10 சதவீதம் உயிர்க்கரி' என்ற வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: "மரத்துண்டுகளிலிருந்து, சாம்பல் கலக்காமல் சுட்ட கரியைப் பட்டாணி அளவில் உடைத்து, நனைத்து, குவியல் கட்டும் நாளிலேயே சேர்க்கவும். எருவும் மரத்தூளும் சேர்ந்த உலர் எடையில் 5 முதல் 10 சதவீதம் போதும். கரிம விகிதக் கணக்கில் கரியைச் சேர்க்க வேண்டாம். மரத்தூளையோ வைக்கோலையோ அதற்காகக் குறைக்க வேண்டாம். கார அமில நிலை 8.5ஐத் தாண்டும் எருவில் முதலில் ஒரு கூடை அளவுக்குக் கலந்து, நான்கு நாள் கழித்து முகர்ந்து பார்க்கவும்." ஒரு வரி ஐந்தாறு வரியாகும். அச்சுச் செலவு அதிகம் என்றால் அட்டைப்படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குவியல் கிளறும் ஒருவன்

பின்குறிப்பு: கரியை நனைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிதாகச் சுட்ட கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடேறும்; மூட்டையாகக் கட்டி அடுக்கினால் தீப்பிடிக்கலாம். உலர்ந்த தூளைக் காற்றில் கொட்டினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். கையேட்டின் படத்தில் கரியைக் கொட்டுபவர் முகமூடி இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தையும் மாற்றுங்கள்.